வீட்டுக்கு ஒரு கட்டை

எங்கள் ஊர் காட்டுக்காக உண்டான ஊர். வட்டகொடைக்கு மேலே, தேயிலை முடிந்து டர்பன்டைன் மரங்கள் தொடங்கும் இடத்தில் வரிசை வீடுகளாக நாலு லயம், ஒரு மர ஆலை, ஒரு கோயில், பாதை ஓரத்தில் ஒரு மாதா சுரூபம், சில கடைகள். சுற்றியுள்ள தேயிலை ஆலைகளின் அடுப்புகளுக்கு விறகு இங்கிருந்துதான் போனது. கொழுந்து பறித்தவர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்தக் கொழுந்தைக் காயவைக்க மரம் வெட்டியவர்களைப் பற்றி எழுத ஆள் இல்லை. தோட்ட ஆபீசான கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்த நான் எழுதியிருக்கலாம். ஆனால் நான் எழுதியதெல்லாம் தொழிலாளர்களிடம் விளக்கம் கேட்கும் கடிதங்கள்.

மற்றத் தோட்டங்களில் செத்தவர்களைப் பெரும்பாலும் புதைப்பார்கள். நாங்கள் எரிப்போம். சாவு விழுந்தால் பெண்கள் வாசல் வாசலாகப் போய், "கட்டை குடுங்க" என்று கேட்பார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு கட்டை கொடுக்க வேண்டும். மாதாவைக் கும்பிடுகிறவர்களும் கொடுப்பார்கள், மர ஆலையில் வேலை செய்த சிங்களத் தச்சரும் கொடுப்பார். பகையில் பேசாமல் இருக்கும் வீடுகூட ஏசிக்கொண்டே கொடுக்கும். செத்த வீடு மட்டும் கொடுக்கக் கூடாது.

பிறகு தோட்டக் கம்பனி காட்டைக் குத்தகைக்கு விட்டது. மர ஆலை மூடப்பட்டது. வெட்டுவதற்கு வெளியிலிருந்து மெஷினோடு ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் கொழும்புக்குப் போனார்கள், பின்னாலேயே பெற்றவர்களும் போனார்கள். விழுந்த சுள்ளியைப் பொறுக்கினாலும் காவல்காரன் விசில் அடித்தான். காட்டுக்குள் குடியிருந்துகொண்டு கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற பெருமை எங்களுக்கு உண்டு.

என் மனைவி பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்தாள். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் குழந்தைகள் எல்லாம் அவள் மடியில்தான் தூங்கினார்கள். ஓய்வுபெற்று குவாட்டர்ஸை ஒப்படைத்த பிறகு, கம்பனி அவள் பெயரில் ஒதுக்கியிருந்த லயத்து வீட்டில்தான் இருவரும் இருந்தோம். போன மழைக்காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டவுன்ல கொண்டு போய் கரண்ட் மெஷின்ல வச்சு எரிச்சிராதீங்க. எனக்கு வீட்டுக்கு வீடு கட்டை வரணும்."

"வீடெல்லாம் பூட்டிக் கெடக்கே."

"நீங்கதான் எல்லா ரூல்ஸும் தெரிஞ்சவராச்சே" என்று சிரித்தாள். அதுதான் அவள் என்னைக் கடைசியாகச் செய்த கிண்டல்.

அவள் போனதும் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சாவைப் பதிய கிராம சேவகரிடம் போனேன். கம்பனித் துரையைப் பார்த்து, சுடலை ஓரத்தில் ஒரு மரம் வெட்ட அனுமதிக் கடிதம் வாங்கினேன். சேவைக்காலம் முழுவதும் அவ்வளவு வேகமாக ஒரு கையெழுத்து விழுந்து நான் பார்த்ததில்லை. கடிதத்தோடு பெருமையாக லயத்துக்கு வந்தேன். முன்பு மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் அதைப் பார்த்தார்.

"கிளாக்கரய்யா, ஒங்க கடுதாசி காஞ்சிருக்கு. மரம் பச்சையால்ல இருக்கு."

மழை விடவில்லை. ஆள் இருந்த ஐந்தாறு வீடுகள் கட்டில் அடியிலும் அடுப்பு மேலும் வைத்திருந்ததைக் கொடுத்தன. அது அவளுடைய கால்மாட்டுக்கே போதாது. மகள் வத்தளையிலிருந்து வந்திருந்தாள். "டவுனுக்கே கொண்டு போவோம்ப்பா" என்றாள். சரி என்று சொல்ல வாய் எடுத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் எழுந்துவிட்டாள். இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு பூட்டிக் கிடந்த வீட்டின் முன்னால் நின்று, உள்ளே ஆள் இருப்பதுபோலவே, "கட்டை குடுங்க" என்று கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனை எடுத்து, கொழும்பில் கடை வேலையில் இருக்கும் அந்த வீட்டுப் பையனைப் பிடித்தாள்.

"தம்பி, ஆயம்மா போயிட்டாங்கடா. ஒங்க வீட்டு ஜன்னல் பலகையக் கழட்டிக்கவா?"

 மறுமுனையில் அழுகை கேட்டது.

"லீவு குடுக்க மாட்டேங்கிறாங்கக்கா." மறுபடியும் அழுகை. "ஜன்னல் எதுக்கு? கதவையே கழட்டுங்க. நாங்க இனி வந்து தொறக்கவா போறோம்?"

வீடு வீடாகப் போன் போனது. எல்லோரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். வெட்டிரும்போடு பெரியவர் இறங்கினார். கதவுகள், நிலைகள், உட்காரும் வாங்குகள், சாமி படம் வைத்திருந்த தட்டுப் பலகைகள். எல்லாம் எங்கள் மர ஆலையில் அறுத்தவை, பல வருட அடுப்புப் புகையில் காய்ந்தவை. அவை கம்பனிச் சொத்து. ஒரு பலகையைக் கழற்றினாலும் என்ன நடவடிக்கை எடுக்கலாம் என்று ஊரிலேயே முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நன்றாக எரிந்தது. அவள் கேட்டபடி ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லா வீடும் கொடுத்தது. பச்சைப் பெயிண்ட் உரிந்த கதவு ஒன்று கடைசிவரை நிமிர்ந்து நின்று எரிந்தது. அதன் வழியாகத்தான் அந்தக் கொழும்புப் பையனை அவன் அம்மா தினமும் காலையில் தூக்கி வந்து இவளிடம் கொடுப்பாள்.

இப்போது அந்த வீடுகளுக்குள் மழை அடிக்கிறது. நாய்கள் குட்டி போடுகின்றன. கதவு இருந்தவரை அவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. கம்பனியிலிருந்து ஒருவர் வந்து கதவுகள் எங்கே என்று கேட்டார். எழுத்தில் கேட்கச் சொன்னேன். இன்னும் கேட்கவில்லை.

மகள் வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எங்கள் லயத்தில் என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும்தான் இன்னும் கதவு இருக்கிறது. செத்த வீடு கொடுக்கக் கூடாது என்பதால் என் கதவு தப்பியது. அடுத்த சாவு வேறு யாருடையதாவது என்றால் இதைக் கழற்றிக் கொடுப்பேன். என்னுடையது என்றால் இதையும் தொடக் கூடாது. மிச்சமிருப்பவர்கள் கட்டிலுக்கு அடியில் இருப்பதைக் கொண்டு வருவார்கள். அது போதாது. எனக்கு டவுன் மெஷின்தான்.