துபாயில் இருக்கும் அப்பாவுக்காக ஒரு ஜெபம்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பிழைகளும் நிறைய வரும். ஐந்தாவதோடு நின்றவன் நான். அச்சுக்குப் போகும் முன் யாராவது திருத்திக்கொள்ளுங்கள், கோபிக்க மாட்டேன். ஆண்டு மலருக்காக, பள்ளிக்கூடம் ஆரம்பித்த கதையை எழுதித் தரச் சொன்னார் அதை நடத்தும் டீச்சரம்மா. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். போன மாதம் நடந்தது குறுக்கே வந்து நிற்கிறது. அதையும் சேர்த்து எழுதாமல் பேனா நகரமாட்டேன் என்கிறது.

குன்னம் பக்கம் எங்கள் ஊர். ரோட்டோரம் எனக்கு ஒரு வெங்காயக் கொட்டகை இருந்தது. ஒரு வருஷம் சின்ன வெங்காயத்தைக் காட்டிலேயே வியாபாரிக்குப் போட்டுவிட்டதால் அது காலியாகக் கிடந்தது. அப்போதுதான் அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். இருவரும் வாத்தியார்கள், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். எந்தச் சபையும் மடமும் அவர்களுக்குப் பின்னால் இல்லை.

"பிள்ளைங்க டவுன் வரைக்கும் பஸ்ல தொங்கிட்டுப் போவுதுங்க தம்பி. இங்கயே சின்னதா ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கலாம்னு பாக்கறோம்" என்றார் அந்த அம்மா. அவர்தான் டீச்சரம்மா; அவர் வீட்டுக்காரரை ஐயா என்போம்.

எனக்கு ஆளைப் பார்த்துப் பேச வராது. இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். பெரிய மனசு என்று இன்று சிலர் சொல்லும்போது எனக்கு உடம்பு குறுகிப்போகும்.

டீக்கடையில் என் மச்சான் விடவில்லை. "மாமா, வெங்காயத்த எறக்கிட்டு வேதத்த ஏத்திட்டீங்களாமே! அடுத்த தீபாவளிக்கு எங்க வூட்டுக்கு வருவீங்களா, இல்ல வேதக்கோயில் மணி அடிக்கப் போயிடுவீங்களா?" கடையே சிரித்தது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அதே மச்சான்தான் இரண்டாம் வருஷம் தன் மகனைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான். சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளைகள் மேலெல்லாம் வெங்காய வாசனை அடிக்கும். யாரும் மதம் மாறவில்லை.

பிறகு தள்ளி ஓர் இடம் வாங்கி ஓட்டுக் கட்டடம் போட்டார்கள். ஐயா காலமானார். டீச்சரம்மா நிறுத்தவில்லை. இப்போது மாடிக் கட்டடம், மஞ்சள் வேன்கள், பெரம்பலூரிலிருந்து வரும் டீச்சர்கள். எங்களுக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே மகள் அங்கே ஆறாவது படிக்கிறாள். பேரண்ட்ஸ் மீட்டிங் என்றால் எப்போதும் என் மனைவிதான் போவாள். போன மாதம் அவள் தன் அம்மாவுக்குக் கண் காட்டப் பெரம்பலூர் போய்விட்டாள்.

"ரேங்க் கார்டுல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். யாரும் உங்கள முழுங்கிட மாட்டாங்க" என்று போனில் சொன்னாள்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வகுப்பு டீச்சர் புதுசு, சின்ன வயசு. மகள் அவர் பக்கத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது.

"வாங்க. நீங்க சித்தப்பாவா?" என்றார் டீச்சர். "அப்பாவுக்கு துபாய்ல எப்ப லீவு? தினமும் காலையில கிளாஸே அவருக்காக ஜெபம் பண்றோம்."

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. காலை ஜெபத்துக்கு முன் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்வார்கள். கொட்டகைக் காலத்தில் ஐயா ஆரம்பித்தது. அதில் என் மகள் எழுந்து, அப்பா துபாயில் கஷ்டப்படுகிறார், பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். துபாய் எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியாது.

மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். மற்ற பெற்றோர்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவள் மானம் போய்விடுமே என்று, "ஆமாங்க, சித்தப்பாதான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் நகக்கண்ணில் இருந்த செம்மண் கண்ணில் பட்டது. கையை மடக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா உள்ளே வந்தார். "அடடே, யாரு! தம்பி வந்திருக்கீங்களா!"

"மேடம், இவங்க பாப்பாவோட சித்தப்பா" என்றார் வகுப்பு டீச்சர்.

டீச்சரம்மாவுக்கு என்னைத் தெரியும், இவள் என் மகள் என்றும் தெரியும். பொய்யை ஒருநாளும் பொறுக்காதவர். அவர் என்னையே பார்த்தார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் என் மகள் அந்த வகுப்பில் மறுபடி நிமிர்ந்து உட்கார முடியாது.

அவர் திறக்கவில்லை. திறந்தது மகள்.

"மிஸ், இவங்கதான் எங்க அப்பா. துபாய்ல யாரும் இல்ல. காட்டுலதான் வேல செய்றாங்க."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப... இத்தன நாள் பண்ண ஜெபம்?" என்று கேட்டுவிட்டார்.

"நிறுத்தாதீங்க" என்றார் டீச்சரம்மா. "இங்க இருக்கறவருக்கும் தேவைதானே. துபாயை மட்டும் எடுத்துடுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மக்காச்சோளக் காட்டைத் தாண்டினோம். பிறகு அவளே சொன்னாள். "எல்லாரோட அப்பாவும் சிங்கப்பூர், குவைத்துன்னு சொன்னாங்கப்பா. எனக்கு மட்டும் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதான்."

அது முழு உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா, தெரியாது. கேட்கவும் இல்லை. பதினோரு வயசுப் பிள்ளை வாய்விட்டுச் சொன்னதை நான் சொல்லவில்லையே என்பதுதான் இன்னும் அறுக்கிறது. அவளைக் காப்பாற்றத்தான் சித்தப்பா ஆனேன் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த டீச்சர் முன்னால் அவளுக்கு அப்பாவாக நிற்க எனக்கே கூச்சமாக இருந்திருக்கிறது.

இதை மலரில் போடலாமா என்று மகளிடம் கேட்டேன். படித்துவிட்டு, "போடுங்கப்பா. ஆனா அப்பான்னு போட்டே அனுப்புங்க" என்றாள். அப்படியே அனுப்புகிறேன்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா,
ஐப்பசி இருபத்திமூன்று, மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்ட நாள்.