இடைவெளி விட்ட சிப்பாய்கள்

கைபேசியில் சதுரங்கம் ஆடினால் தோற்பதோடு திட்டும் வாங்க வேண்டியிருக்கிறது. நேற்று என் சிப்பாய் ஒன்று பக்கத்துணை இல்லாமல் நிற்பதாகச் சிவப்பில் காட்டியது. சட்டென்று எனக்குப் பட்டாசுக் குழாய் ஒட்டும் பசை வாடை அடித்தது. பின்னாலேயே பால்பாண்டி நினைவுக்கு வந்துவிட்டான்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாங்கள் இருவரும் கணக்கர்களாக இருந்தோம். மழை பிடித்தால் மருந்து காயாது, வேலை நின்றுவிடும். ஆபீசில் பலகையை விரித்துவிடுவோம். என் குதிரை ஒன்று தொலைந்துபோய், அதன் இடத்தில் ஒரு புஸ்வாணக் கூடு நின்றது. வெறுங்கூடுதான், பயப்படாதீர்கள்.

ஓர் அறை வெடித்தால் அடுத்தது பற்றக்கூடாது என்று கம்பெனியில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள் இல்லையா, அவன் சிப்பாய்களையும் அப்படியே நிறுத்துவான். "ஒண்ணு போனாலும் மத்தது தப்பிக்கும்லே" என்பான். சிப்பாய்க்குப் பக்கத்துச் சிப்பாய்தான் காவல் என்பதை அவன் மண்டையில் ஏற்ற எந்தச் சாமியாலும் முடியாது. தனியாக நிற்கும் சிப்பாய்க்கு நேர் முன்னால் என் குதிரை போய் உட்கார்ந்தால், விரட்ட இன்னொரு சிப்பாய் இருக்காது. அங்கிருந்து எட்டுப் பக்கமும் மிரட்டலாம்.

ஓர் ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலில் எங்கள் இருவரின் சொந்தக்காரர்களும் கிடா வெட்டினார்கள். சீசன் நெருக்கடி, ஒருவருக்குத்தான் லீவு என்றார் முதலாளி. ஜெயிப்பவன் போவது என்று முதல்நாள் மதியம் ஆடினோம். புஸ்வாணக் கூடு அவனுடைய நடுச் சிப்பாய்க்கு முன்னால் குந்தியது. அந்தச் சிப்பாய்க்குக் காவல் நின்றே அவன் யானைகள் இரண்டும் வீணாய்ப்போயின. கடைசியில் ஒரே தாவலில் ராஜாவுக்குச் செக், ராணி காலி.

"போய்த் தொலைலே. எனக்கு ரெண்டு துண்டாவது எடுத்துட்டு வா" என்றான்.

மறுநாள் வயிறு முட்டத் தின்றுவிட்டு, தூக்குச்சட்டியில் அவன் பங்கோடு சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எங்கள் கம்பெனி வெடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அன்று ஸ்டாக் பார்க்கும் வேலை பால்பாண்டிக்கு. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

ஓர் அறை தரைமட்டம். வெடித்தது சாப்பாட்டு நேரம், உள்ளே ஆளில்லை. அடுத்த அறையில் ஸ்டாக் பார்த்துக்கொண்டிருந்த பால்பாண்டி வேப்பமரத்தடியில் சோடா குடித்துக்கொண்டிருந்தான். காது அடைத்துப்போய்க் கத்திப் பேசினான்.

"எடவெளி விட்டது தப்பாலே? இப்பச் சொல்லு."

நான் தூக்குச்சட்டியை நீட்டினேன்.

அந்த இடம் இப்போது பிளாட் போட்டு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பால்பாண்டி போன வருடம் சர்க்கரையில் போய்விட்டான். என் சிப்பாய்க்காகக் கைபேசியோடு சண்டை போட ஆளில்லை, அதுதான் தாங்கவில்லை. ஆனாலும் ஒரு சிப்பாயைத் தள்ளி நிறுத்தியே ஆடுகிறேன். தோற்கிறேன்.