என் வில்லில் யார் கை வைத்தது
தோள் சவ்வு கிழிந்து தேறிய பிறகுதான் அந்த மர வில்லை வாங்கினேன். கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற இரண்டு லிம்புகளையும் திருகு கழற்றி மாற்றிக்கொள்ளலாம். முதலில் இலகுவான ஜோடி. தோளுக்குத் தெம்பு வந்ததும், அதே கைப்பிடியில் கடினமான ஜோடி. எப்போது மாற்றுவது என்பது என் முடிவு. அதுதான் எனக்குப் பிடித்தது.

ஒரு ஞாயிறு காலை, தட்டாஞ்சாவடிப் பக்கம் நாங்கள் அம்பெய்து பழகும் மைதானத்தில் என் கணவர் வில்லைப் பூட்டிக் கொடுத்தார். நாணை இழுத்ததுமே தோளில் சுரீரென்றது. அம்பு கீழே விழுந்தது.

“கடினமான ஜோடிய மாட்டிட்டேன்,” என்று சிரித்தார். “இன்னும் எத்தினி நாளு கொழந்த மாதிரி இழுத்துக்கினு இருப்ப?”

“வலி ஒங்களுக்கா, எனக்கா? என்னக் கேட்டீங்களா?”

நான் கத்தியதில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நல்லதுக்குத்தான செஞ்சேன்.”

அந்தப் பேச்சில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தோளுக்கு எது நல்லது என்று அவருக்கு எப்படித் தெரியும்? உதவ நீண்ட அவர் கையைத் தட்டிவிட்டு, நாணை அவிழ்த்து நானே திருகுகளைக் கழற்றினேன்.

தோள் வலி தணிந்து மறுபடி வில்லைத் தொட வாரக்கணக்கானது. அவர் மன்னிப்புக் கேட்டார். கடினமான ஜோடியை பீரோவில் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கோபம் இன்னும் தீரவில்லை.