வெங்காயத்துக்குப் போன கொடி

எங்கள் ஐயா இறந்தது 1972ஆம் ஆண்டு, தைப்பூசத்துக்கு மறுநாள். அப்போது தெல்லிப்பழையிலுள்ள எங்கள் தோட்டத்தில் வெங்காயம் நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. நாள்களைக் குறித்துவைப்பது என் பழக்கம்தான். ஆனால் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. வெங்காயம் மண்ணில் இருக்கும் காலமெல்லாம் அம்மாவின் தாலிக்கொடி வங்கியில் இருக்கும்.

அது ஒளித்துச் செய்த காரியமல்ல. நடுகைக்கு முன் ஐயா கொடியைக் கொண்டுபோய் அடைவு வைப்பார். விதை வெங்காயம், உரம், கூலி எல்லாம் அந்தக் காசில் நடக்கும். விளைந்ததை விற்றதும் முதல் வேலையாக மீட்டு வருவார். அதுவரை அம்மா மஞ்சள் துண்டு கட்டிய கயிறு ஒன்றைச் சட்டைக்குள் போட்டிருப்பார். எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான். நடுகைக் காலத்துக் கலியாணவீடுகளில் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

செத்தவீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். மனைவி தன் கொடியைக் கழற்றிக் கணவரின் நெஞ்சில் வைக்கவேண்டும். கொழும்பில் அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்த நான் தந்தி கண்டு வந்துசேர்ந்தபோது, முற்றத்தில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் அம்மா கொடியில்லாத கழுத்தோடு இருந்தார். சுற்றிவர இருந்த பெண்களில் பாதிப்பேரின் கழுத்தில் கொடிகள் கிடந்தன. ஆனால் கணவர் உயிரோடிருக்கும் எவளும் தன் கொடியை இதற்குக் கொடுக்கமாட்டாள், கேட்பதே குற்றம். அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, கணவரை இழந்து பல வருடங்களாகியிருந்தன. அவர் எழுந்து தன் வீட்டுக்குப் போய், பெட்டிக்குள் கிடந்த கொடியை எடுத்துவந்தார்.

“இது ஒருக்கால் கழட்டின கொடிதானே. இன்னொருக்கால் கழட்டினால் ஒண்டும் குறையாது. போடு பிள்ளை” என்றார்.

அம்மா போட்டுக்கொண்டார். சிறிது நேரத்தில், எல்லோரும் பார்க்க, கழற்றி ஐயாவின் நெஞ்சில் வைத்தார். பிரேதம் தூக்குமுன் பெரியம்மா அதை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் வங்கிக்குப் போனேன். ஐயாவின் சேமிப்புக் கணக்கும் அதே வங்கியில்தான் இருந்தது. தங்கச்சியின் கலியாணத்துக்கென்று போட்ட காசு. எந்தக் கஷ்டத்திலும் அதைத் தொடுவதில்லை என்று இருந்தவர், அதனால்தான் வருடாவருடம் கொடியை அடைவு வைத்தார். அந்தக் காசில் கொடியை மீட்டுத் தரலாமா என்று கேட்டேன். அங்கிருந்த உத்தியோகத்தர் ஐயாவை நன்றாக அறிந்தவர். சேமிப்புப் புத்தகத்தையும் அடைவுப் புத்தகத்தையும் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“காசும் ஐயாடை பேரிலைதான் கிடக்கு, கடனும் ஐயாடை பேரிலைதான் கிடக்கு. ஆனால் தம்பி, ஆள் போனவுடனை காசு நிண்டிடும். வட்டி நிக்காது.”

கணக்கைத் திறக்க நீதிமன்றக் கட்டளை வேண்டும். அதற்குப் பல மாதம் செல்லும். கொடியென்றால் உரிமைக்காரர் எல்லோரும் கையெழுத்து வைத்து, கைக்காசு கட்டி மீட்கலாம். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் மீட்காவிட்டால் ஏலம். எல்லாவற்றையும் இரங்கிய குரலில்தான் சொன்னார்.

உரக்கடையிலும் கடன் இருந்தது. கடைக்காரர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து சாப்பிட்டார், கடனைப்பற்றி வாயே திறக்கவில்லை. போகும்போது மட்டும், வெங்காயம் எப்படி நிற்கிறது என்று விசாரித்தார். விளங்கிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் தங்கச்சி, கொடி ஏலத்துக்குப் போனால் போகட்டும், அம்மா இனி அதைப் போடப்போவதில்லையே, கிடைக்கிற காசில் உரக்கடைக் கடனைத் தீர்ப்போம் என்றாள். தனக்கென்று வரவேண்டிய கொடியைத்தான் அவள் விட்டுக்கொடுத்தாள்.

“நான் கழட்டினது அக்காடை கொடி” என்றார் அம்மா. “உங்கடை ஐயாவுக்கு என்ரையை நான் இன்னும் கழட்டேல்லை.”

அதற்குப்பின் நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் லீவை நீட்டச் சொல்லி எழுதினேன். துடக்கு என்று நாங்கள் தோட்டத்தில் இறங்காத நாள்களில், நாங்கள் சித்தப்பா என்று கூப்பிடும் பக்கத்துத் தோட்டக்காரர், பங்குக் கிணற்றில் தன் முறையோடு எங்கள் முறைக்கும் இறைத்து வெங்காயத்தைக் காப்பாற்றியிருந்தார். பங்குனி பிறந்ததும் கிண்டினோம். உலர்ந்ததைப் பிடியாகக் கட்ட நான் குந்தியபோது அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கொழும்பிலை பைல் கட்டுற கட்டு இது. லொறி ஆனையிறவு தாண்டமுன்னம் அவிண்டுபோம். தள்ளும், அண்ணை கட்டுற மாதிரி நான் கட்டுறன்” என்றார். ‘அண்ணை’ என்று சொன்னபின் அவர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

விற்ற காசு கொடியை மீட்கக் காணுமாயிருந்தது. உரக்கடைக்குப் பாதிதான் கொடுக்க முடிந்தது. மிச்சத்தை மிளகாய் காய்த்ததும் தருவதாகச் சொன்னேன். சேமிப்புக் கணக்கைத் திறக்கும் கட்டளை அடுத்த வருடம் ஆடியில்தான் கிடைத்தது. காசு அப்படியே தங்கச்சியின் கலியாணத்துக்குப் போனது.

கொடியை மீட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. உத்தியோகத்தர் என் கண்முன்னே நிறுத்துக் காட்டிப் பொதிந்து தந்தார். வீட்டில் அம்மா கைகால் கழுவி வந்து, ஐயாவின் படத்துக்கு முன் இருந்தார். கொடியை இரண்டு கைகளாலும் வாங்கி, வெள்ளைச் சேலைக்குமேல் போட்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நாங்கள் தடுக்கவில்லை. சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, ஒருவரையும் உதவிக்கு அழைக்காமல், தானே கழற்றிப் படத்தடியில் வைத்தார்.

பிறகு சட்டைக்குள் கைவிட்டு மஞ்சள் கயிற்றை எடுத்தார். செத்தவீட்டிலும் அதற்குப் பிந்திய நாள்களிலும் அது அங்கேயே கிடந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. அதை அறுத்து என் கையில் தந்து, தோட்டத்து வாய்க்காலில் விட்டுவிடச் சொன்னார்.

நான் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. கிணற்றில் எங்கள் இறைப்பு முறை வெள்ளிக்கிழமை. அதுவரை கயிற்றை என் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.