செருமல் இல்லாத அறிவிப்பு

எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் பேசத் தொடங்குமுன் இரண்டு முறை செருமுவார். வெள்ளிக்கிழமை குத்பா உரை ஆனாலும் கல்யாண வீட்டு துஆ ஆனாலும் செருமல்தான் முதலில் வரும். பின்வரிசையில் கதையளக்கிறவர்கள் அதைக் கேட்டுத்தான் வாயை மூடுவார்கள்.

பெருநாளை முடிவுசெய்யும் பிறை விஷயத்தில் மனிதர் பொல்லாதவர். பார்த்தேன் என்று தேங்காய்த்திட்டிலிருந்து யாராவது வந்தால் போலீஸ் விசாரணைதான். "எந்தப் பக்கம் பாத்தே? எவ்ளோ உயரத்துல இருந்துச்சு? கொம்பு எப்பிடி நின்னுச்சு?" போனில் சொன்னால் ஏற்கவே மாட்டார். அப்பேர்ப்பட்டவரையும் வாட்ஸப்புக்கு இழுத்துவந்தது எங்களைப் போல ஏமாந்தவர்கள்தான்.

போன வருஷம், இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு, சொந்தக்காரர்கள் குழுவில் அவர் குரல் வந்தது: பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள். நோணாங்குப்பம் பக்கம் குடிவந்த பிறகு எங்களுக்குப் பாங்கோ பள்ளி மைக் அறிவிப்போ எட்டுவதில்லை. நம்பினோம். மறுநாள் அம்மா குளித்து, புதுப்புடவை கட்டி, சேமியா பாயசமும் குடித்த பிறகுதான் தெரிந்தது, அது அதற்கு முந்தைய வருஷம் அவர் பள்ளி மைக்கில் அறிவித்ததை யாரோ பதிந்துவைத்த குரல். யாரோ தேதி பார்க்காமல் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எழுபது வயதுக்கு மேலும் ஒரு நோன்பும் விடாமல் பிடித்தவள், கடைசி நோன்பைப் பாயசத்தில் விட்டாள். அன்று முழுக்க அழுதாள்.

அதன்பிறகுதான் ஹஜ்ரத் தானே ஒரு குழு தொடங்கினார். அவர் மட்டுமே அதில் பேசலாம். பழைய குரல் மறுபடி சுற்றக் கூடாதென்று ஒவ்வொரு அறிவிப்பிலும் கிழமையைச் சொல்வார்.

இந்த வருஷம் இருபத்தொன்பதாம் நாள் மாலை அந்தக் குழுவில் அறிவிப்பு வந்தது. கிழமை சரி. வீராம்பட்டினம் கரையில் நாலு பேர் பார்த்தார்கள் என்றார், அதுவும் சரி. ஆனால் செருமல் இல்லை. எடுத்த எடுப்பில் சலாம், அப்புறம் வழவழவென்று ரேடியோக்காரர் போலப் பேச்சு. மூன்று முறை கேட்டேன். இப்போது யார் குரலை வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறதாமே! அவர் போனே வேறு யார் கையிலாவது இருந்தால்? நாலு முறை போன் அடித்தேன், அவர் எடுக்கவில்லை. என் சந்தேகத்துக்கு அது போதும்.

"என்னடா, நாளைக்குப் பெருநாள்தானே?" என்றாள் அம்மா.

"பொய்யா இருக்கும்மா. இன்னொரு வாட்டி ஏமாற வேணாம். நோன்பு வச்சிடுவோம்."

அவள் எடுத்து வைத்திருந்த சேமியா பாக்கெட்டை அலமாரியில் திரும்ப வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஹஜ்ரத்தே கூப்பிட்டார். முதலில் இரண்டு செருமல்.

"தம்பி, பெருநாள் தொழுகையில உன்னக் காணோமே? நேத்து போன் வேற பண்ணிருக்கே."

விஷயத்தைச் சொன்னேன்.

"பெருநாள்ல நோன்பு வைக்கக் கூடாதுப்பா! மொதல்ல அம்மாவுக்குத் தண்ணி குடு." பிறகு குரல் இறங்கியது. "செருமல நான்தான் வெட்டிட்டேன். ரெக்கார்டுல கேக்க நல்லால்லன்னு ரெண்டு நாள் உக்காந்து கத்துக்கிட்டேன்." அப்புறம் கேட்டார்: "வண்டியில பத்து நிமிஷம். பள்ளிக்கு வந்து பாத்திருக்கலாமே?"

வெட்கமாக இருந்தது. அவர் குரலில் ஆயிரம் குறை கண்டுபிடித்த எனக்கு, அது மட்டும் தோன்றவே இல்லை.

அம்மா பிஸ்மில்லா சொல்லித் தண்ணீரைக் குடித்தாள். காலி டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"போன வருசம் போன் குரல நம்பி நோன்பு போச்சு. இந்த வருசம் உன்ன நம்பி பெருநாள் போச்சு."