எந்தத் தெருவில் சிவப்பு ஒட்டுவது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராமச் செவிலியராக இருக்கிறேன். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, சர்க்கரை மாத்திரை என்று என் வேலை எனக்குத் தெளிவாகவே இருந்தது, அந்த வரைபடம் வந்து சேரும்வரை.

கொண்டுவந்தவர் நகரமைப்பு அலுவலகத்துப் பெண் அதிகாரி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். இந்த வட்டாரத்துக்குப் புதிதாகத் திட்டம் போடுகிறார்களாம். இந்தத் தடவை மக்களின் உடல்நலத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். மேசையை மூடும்படி வரைபடத்தை விரித்துவிட்டு, ஒரு தாள் நிறைய சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர்களைக் கொடுத்தார்.

"ஜனங்களுக்கு எங்கெங்க அதிகமா உடம்புக்கு வருதோ, அங்க ஒட்டிக் கொடுங்க சிஸ்டர். வெள்ளிக்கிழமை கூட்டம்."

அவர் போனதும் ஒரு பொட்டை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருமலோடு என்னிடம் வருகிற ஆண்கள் இரும்பு உருக்கும் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். பொட்டு அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கா, தூங்குகிற வீட்டுக்கா? வயிற்றுப்போக்கு வந்த குடும்பம் தண்ணீர் பிடித்தது அடுத்த ஊர்க் குழாயில். பொட்டு குழாய்க்கா, குடும்பத்துக்கா? இதில் நிலையத்தைச் சுற்றியிருக்கிற எங்கள் காலனி பாதிக்கு மேல் ஊதா நிறத்தில் இருந்தது. ஊதா என்றால் தொழிற்சாலை என்று ஓரத்தில் போட்டிருந்தது. அங்கே வீடுகள் இருப்பது யாருக்கும் தெரியாதா?

கடைசியில் காலனியின் முதல் தெருவில் ஒன்றை ஒட்டினேன். மூச்சிழுப்புக் குழந்தைகள் அங்கேதான் அதிகம், கம்பெனிப் புகை இறங்குவதும் அங்கேதான். அந்த நேரம் பார்த்து அதே தெருக்காரி, கம்பெனியில் கான்ட்ராக்டில் பேக்கிங் செய்கிறவள், மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு நான்கு வயது. மூச்சு விடும்போது விலா உள்ளே போய்ப் போய் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டே பொட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"வாணாம் நர்சக்கா, எட்துடுங்க. பொகைன்னு எய்தினா கம்பெனிய மூடுவானுங்க. இல்லாட்டி எங்க ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவானுங்க. நான் எங்க போவேன்?"

"பாப்பாவுக்கு இழுக்குதேம்மா?"

"இழுக்குதுதான். அதுக்குத்தானே உங்காண்ட வரேன்."

பொட்டை உரித்தேன். தாளும் சேர்ந்து கிழிந்து அந்த இடம் வெள்ளையாகிவிட்டது.

மறுநாள் பிரஷர் மாத்திரைக்கு வந்தார் ஊர்ப் பெரியவர் ஒருவர். கம்பெனிச் சுவருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற நெல் வயல் அவருடையது. "எங்க கயினிக் கெணத்தாண்ட நாலு பொட்டு ஒட்டும்மா. தண்ணி மஞ்சளா வந்துகினு கீது. பொட்டு இருந்தா அங்க இன்னொரு கம்பெனி வர உடமாட்டாங்க இல்ல?" அவர் வீட்டில் யாருக்கும் நோயில்லை. ஆனால் தண்ணீர் மஞ்சள்தான், நானே பார்த்திருக்கிறேன். ஒன்று ஒட்டினேன். வேண்டும் என்றவருக்கு ஒட்டி, வேண்டாம் என்றவளுக்கு உரித்திருக்கிறேனே, இது என்ன கணக்கு என்று எனக்கே புரியவில்லை.

வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீஸ் கூட்டத்தில் நகரமைப்பு மேலதிகாரி வெள்ளையாக இருந்த இடத்தைத் தொட்டு, "இது என்ன?" என்றார்.

"ஒட்டி எடுத்துட்டேன் சார். அங்க குழந்தைங்களுக்கு மூச்சிழுப்பு. ஆனா குடியிருக்கறவங்க வேணாம்னாங்க."

"குடியிருக்கறவங்களா?" என்றார். பிறகு, "புகையாலதான் மூச்சிழுப்புன்னு உறுதியா சொல்ல முடியுமா?"

"தெரியாது சார். எந்த வீட்ல எந்தக் குழந்தைக்குன்னு தெரியும். எதனாலன்னு தெரியாது."

அந்தப் பெண் அதிகாரி ஊதா இடத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டார்.

சில மாதம் கழித்து வரைவுத் திட்டத்தைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். காலனி மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் பக்கத்தில் பெரியவரின் குரல் உயர்ந்தது. கம்பெனிக்கும் காலனிக்கும் நடுவே மரம் வளர்க்கப் பச்சைப் பட்டை போட்டிருந்தார்கள். அது முழுக்க அவர் வயல்.

"கம்பெனி வாணாம்னுதான் பொட்டு கேட்டேன். நெலமே வாணாம்னா சொன்னேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தையின் அம்மா என் கையைப் பிடித்தாள். "ஊடு தப்பிச்சுதுக்கா. ஆனா உங்க ஆஸ்பத்திரிய இன்னாத்துக்கு ஜிஎன்டி ரோட்டுக்கு அந்தாண்ட கொண்டு போறாங்க? லாரி ஓடற ரோட்ல இவளத் தூக்கிக்கினு எப்டி தாண்டுவேன்?" உண்மைதான். புதிதாக, டாக்டரோடு, பெரிதாகக் கட்டப்போகிறார்கள். ஆனால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்.

ஆட்சேபணை தெரிவிக்கப் படிவம் வாங்கினேன். திட்டத்தை ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன் என்று இரண்டே கட்டங்கள். இரண்டையும் காலியாக விட்டு, சாலையைக் கடக்க நடைபாலம் வேண்டும், வயலைப் பற்றி அந்தப் பெரியவரிடம் அதிகாரிகள் நேரில் பேச வேண்டும் என்று பின்பக்கத்தில் எழுதினேன்.

"ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க மேடம், இல்லன்னா வாங்க முடியாது" என்றார் கிளார்க்.

படிவத்தைத் திருப்பி இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இரண்டிலும் டிக் போட்டுக் கொடுத்தேன். அவர் பார்க்காமலே சீல் குத்தி, "அடுத்து" என்றார்.