முன் சீட்டில் வந்த தம்பி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பிணவண்டி ஓட்டுகிறவனுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. திருப்பாதிரிப்புலியூரில் வண்டியைப் போட்டுக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்குப் போய், இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவிவிட்டுத் தூங்குவதுதான் பிழைப்பு, அந்தத் தூக்கமும் சரியாக வாய்ப்பதில்லை. இதைச் சொன்னால் தூக்கக் கலக்கம் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு வாதாடத் தெம்பில்லை.

போன சித்திரையில் சென்னை விமான நிலையத்திலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவரச் சொன்னார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சண்டையின்போது ஆட்களை ஏற்றிப்போன ராணுவ விமானம் ஒன்று பனிமலையில் விழுந்து, அதிலிருந்த விமானப்படைக்காரர் ஒருவர் இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் கிடைத்திருக்கிறார். ஊர் சேத்தியாத்தோப்பு தாண்டி, காட்டுமன்னார்கோயில் பக்கம். பெட்டிக்கு சீல் வைத்திருந்தார்கள். கூட வந்த விமானப்படை ஆட்கள் பின்னால் தனி வேனில் ஏறிக்கொண்டார்கள். என் பக்கத்து சீட்டில் யூனிஃபார்ம் போட்ட ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். வழி காட்ட அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, ஏசிய நிறுத்திடுங்க. குளிரு ஜாஸ்தியா இருக்கு."

நல்ல கத்திரி வெயில். ஏன் என்று கேட்கக்கூட அலுப்பாக இருந்தது, நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டே ஓட்டினேன். வடலூர் தாண்டும்போதுதான் மறுபடி வாயைத் திறந்தார்.

"அந்த வூட்டு வாசப்படி தாழ்வுண்ணே. எனக்கு எப்பவும் தல இடிக்கும். பொட்டிய தூக்கும்போது குனிஞ்சி வரச் சொல்லுங்க."

சொந்தக்காரப் பையன் போல என்று தலையாட்டினேன்.

வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். இறந்தவரின் மனைவி எழுபதைத் தாண்டியவர், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. இத்தனை வருஷமும் அதை அழிக்கவில்லையாம். வெளியூரில் செத்த உடம்பை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது, பந்தலிலேயே வைத்துவிடலாம் என்றார் அவருடைய கொழுந்தனார். அந்த அம்மா பெட்டியைக் கிட்டவே விடவில்லை.

"மூஞ்சியக் காட்டாம பொட்டியக் காட்டி, இதான் உம்புருசன்னா எப்படி? யாரோ பெத்த புள்ளைக்கு நான் எதுக்குப் பொட்ட அழிக்கணும்? எடுத்துக்கினு போங்க."

"அண்ணி, கவர்மெண்ட்டு பொய் சொல்லுமா?"

அவர் அசையவில்லை. வெயிலில் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். எனக்குப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது.

"எங்கயாவது சீக்கிரம் வையுங்க. உள்ள கொண்டுபோறதுன்னா குனிஞ்சி போவணுமாம், வாசல்ல இடிக்குமாம். கூட வந்த தம்பி சொன்னாரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் வீட்டைப் பார்த்தேன். மாடி வீடு. கையைத் தூக்கினாலும் எட்டாத வாசல்.

"எந்தத் தம்பி?" என்றார் அந்த அம்மா.

திரும்பிப் பார்த்தேன், முன் சீட்டில் யாருமில்லை. கூட வந்த அதிகாரியிடம் சீட்டைக் காட்டி சைகையில் கேட்டேன், அதில் தாங்கள் யாரையும் ஏற்றவில்லை என்று கையை ஆட்டி, இங்கிலீஷில் சொன்னார்.

அந்த அம்மா என் பக்கத்தில் வந்தார். "கூர வூடா இருந்தப்ப தெனம் இடிச்சிக்குவாரு. நான்தான் தேச்சி வுடுவேன்." வண்டியின் காலி சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏம்பா, அவுருக்கு ரொம்ப வயசாயிடுச்சா?"

"இல்லம்மா. எம்புள்ள வயசுதான் இருக்கும்."

நரைத்த தலையை முந்தானையால் இழுத்து மூடிக்கொண்டார். "என்னய அவுருக்கு அடையாளமே தெரியாதேப்பா" என்று அப்போதுதான் அழுதார். அந்த முந்தானையாலேயே பொட்டைத் துடைத்துவிட்டு, "உள்ள கொண்டாங்க" என்றார். கொழுந்தனார் விலகி வழி விட்டார். என் வாயால் அல்லவா அந்தப் பொட்டு போனது.

எல்லாம் தூக்கக் கலக்கம் என்று நானே ஒதுக்கிவிடுவேன். ஒன்றே ஒன்றுதான் விடமாட்டேன் என்கிறது. பெட்டியைத் தூக்கியவர்கள் அத்தனை பேரும் வடநாட்டுக்காரர்கள், நாங்கள் பேசியதில் ஒரு சொல் அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்த உயரமான வாசலுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒன்றாக முழங்காலை மடக்கி, கூரை வீட்டுக்குள் நுழைகிறவர்களைப் போல முதுகை வளைத்துக் குனிந்துதான் உள்ளே போனார்கள்.